பெர்லினின் க்ரொய்ட்ஸ்பெர்க்: முஸ்லிம் குடியேறிகளும் ஒரு நகரப் பகுதியின் மாற்றமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் எத்தனையோ நகரங்கள் இருக்க, க்ரொய்ட்ஸ்பெர்க்கை எடுத்துக்கொள்வது ஏன்?

முஸ்லிம் குடியேறிகள் ஐரோப்பிய நகரங்களை மாற்றிவிட்டார்கள் என்று புகழ்பவர்களும் பழிப்பவர்களும் முதலில் சுட்டிக்காட்டும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. இரு தரப்பினரும் பெரும்பாலும் மதத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். ஆனால் இங்கே நடந்தவற்றை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தால் முதலில் வருவது வீட்டு வாடகையும் நகரத் திட்டமும்தான். மதம் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கியது மிகவும் பிந்தி. இந்தப் பக்கம் அந்த வரிசையிலேயே செல்கிறது.

இவர்கள் எப்போது, எதற்காக வந்தார்கள்?

1961 ஆகஸ்டு 13 அன்று கிழக்கு ஜெர்மனி பெர்லின் சுவரை எழுப்பியது. க்ரொய்ட்ஸ்பெர்க் அதன் மேற்குப் பக்கத்தில் இருந்தது. அதுவரை கிழக்குப் பெர்லினிலிருந்து நாள்தோறும் மேற்குப் பகுதிக்கு வந்து வேலை பார்த்த பல்லாயிரம் தொழிலாளர்கள் ஒரே இரவில் இல்லாமல் போனார்கள். அதே ஆண்டு அக்டோபர் 30 அன்று மேற்கு ஜெர்மனி துருக்கியுடன் ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. மேற்குப் பெர்லினில் அந்த ஆள்சேர்ப்பு 1960களின் நடுப்பகுதியில்தான் வேகம் பிடித்தது. சீமென்ஸ், டெலிஃபுங்கன் முதலிய மின்கருவி நிறுவனங்களுக்கு நுண்ணிய வேலை செய்யும் கைகள் தேவைப்பட்டதால், முதலில் வந்தவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தார்கள். கணவர் முதலில் வந்து மனைவியைப் பின்னர் அழைத்துக்கொண்டார் என்ற வழக்கமான கதை பெர்லினுக்குப் பல குடும்பங்களில் தலைகீழாகவே பொருந்தும்.

தொடக்க ஒப்பந்தத்தின்படி இரண்டாண்டு வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடியும் பயிற்சி கொடுப்பதை ஜெர்மன் முதலாளிகளே விரும்பவில்லை. 1964-இல் அந்த வரையறை நீக்கப்பட்டது. 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடியின்போது ஆள்சேர்ப்பு அடியோடு நிறுத்தப்பட்டது. அயல்நாட்டினரின் எண்ணிக்கையைக் குறைக்க எடுத்த அந்த முடிவு எதிர்விளைவையே தந்தது. ஊருக்குப் போனால் மீண்டும் வர முடியாது என்று தெரிந்தவுடன், தற்காலிகமாக இருந்தவர்கள் குடும்பத்தை வரவழைத்துக்கொண்டு நிலையாகத் தங்கினார்கள். தொழிலாளர் விடுதியிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கு இடம்பெயர்ந்தது இந்தக் கட்டத்தில்தான்.

அத்தனை பேரும் ஏன் ஒரே பகுதியில் குடியேறினார்கள்? சொந்த மக்களோடு சேர்ந்து வாழ விரும்பியதாலா?

உறவினர் இருக்கும் தெருவில் வீடு தேடுவது எல்லாச் சமூகத்திலும் உள்ள பழக்கம். ஆனால் அந்த விருப்பம் மட்டும் ஒரு பகுதியை உருவாக்கிவிடாது. அங்கே காலியான வீடு இருக்க வேண்டும், வேறிடத்தில் கதவு அடைபட்டிருக்க வேண்டும். க்ரொய்ட்ஸ்பெர்க்கில் இரண்டும் நேர்ந்தன.

இப்பகுதியின் கட்டடங்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. ஹோப்ரெக்ட் என்ற பொறியாளர் 1862-இல் வகுத்த நகரத் திட்டம் பெரிய மனைகளை விட்டுவைத்தது. வீட்டு முதலாளிகள் அவற்றில் முன்கட்டு, பக்கக்கட்டு, பின்கட்டு, அதற்கும் பின்னால் மற்றொரு முற்றம் என்று அடைத்துக் கட்டினார்கள். தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு வேண்டிய 5.34 மீட்டர் அகலம் இருந்தால் போதும், அது முற்றம் எனப்பட்டது. 1960களிலும் இவ்வீடுகள் பலவற்றில் கழிப்பறை மாடிப்படியின் திருப்பத்தில் பொதுவாகத்தான் இருந்தது. குளிருக்கு நிலக்கரி அடுப்பு.

1963-இல் மேற்குப் பெர்லின் அரசு தன் முதல் நகரப் புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்தது. அதற்குள் சுவர் எழுந்து, க்ரொய்ட்ஸ்பெர்க்கின் கிழக்குப் பாதி மூன்று புறமும் எல்லையால் சூழப்பட்ட முட்டுச்சந்து ஆகியிருந்தது. பழைய கட்டடங்களை இடித்துவிட்டு உயர்ந்த அடுக்கங்களை எழுப்புவது என்றும், ஒரானியன் சதுக்கத்தின் வழியே ஒரு விரைவுச் சாலை போடுவது என்றும் முடிவாயிற்று. இடிக்கப்போகும் வீட்டுக்கு யார் வெள்ளையடிப்பார்கள்? உரிமையாளர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள். வசதியுள்ள ஜெர்மன் குடும்பங்கள் வெளியேறின. இடிக்கும் நாள் வரை வீடு சும்மா கிடக்க வேண்டாமே என்று, நீண்டகால உரிமை கேட்காதவர்கள் என்று கருதப்பட்ட துருக்கியத் தொழிலாளர்களுக்கு அவை வாடகைக்கு விடப்பட்டன. இன்று சின்ன இஸ்தான்புல் என்று அழைக்கப்படும் பகுதியின் பிறப்பு, சொல்லப்போனால், ஓர் இடிப்புத் திட்டத்தின் இடைக்கால ஏற்பாடு.

அரசு அதைத் தடுக்க முயலவில்லையா?

முயன்றது. அயல்நாட்டினர் க்ரொய்ட்ஸ்பெர்க், வெடிங், டீர்கார்டன் ஆகிய மூன்று வட்டங்களுக்குப் புதிதாகக் குடிபெயர 1975-இல் தடை விதிக்கப்பட்டது. இந்த வட்டங்களில் குடியேற அனுமதியில்லை என்ற முத்திரை கடவுச்சீட்டிலேயே குத்தப்பட்டது. பிற வட்டங்களில் வீட்டு முதலாளிகள் துருக்கியருக்கு வீடு தருவதில்லை. தரும் வட்டங்களில் அரசு குடியிருக்க விடுவதில்லை. விளைவு, முகவரியை மறைத்து உறவினர் வீட்டில் தங்குவது பெருகியது. ஒன்றாகக் குவிவதே இவர்கள் இயல்பு என்று இன்று எழுதுபவர்கள் அந்த முத்திரையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

தெருவில் கண்ணுக்குத் தெரிய என்னென்ன மாறின?

முதலில் மாறியது உணவு. ஜெர்மானியக் கடைக்காரர்கள் வெளியேறிய தரைத்தளக் கடைகளில் காய்கறி, ஆலிவ், பாலாடைக் கட்டி, தட்டை ரொட்டி ஆகியவை வந்தன. லாண்ட்வேர் கால்வாயின் தென்கரையான மைபாக் கரையில் செவ்வாயும் வெள்ளியும் கூடும் சந்தை நகரம் முழுவதும் துருக்கியச் சந்தை என்று பெயர் பெற்றது. அது நிர்வாகப்படி பக்கத்து வட்டமான நொய்கோல்னைச் சேர்ந்தது. வாங்குபவர்களுக்கு அந்த எல்லை பொருட்டாக இருந்ததில்லை. ரொட்டிக்குள் இறைச்சியை வைத்து விற்கும் டோனர் கபாப் 1970களின் தொடக்கத்தில் மேற்குப் பெர்லினில் பரவியது. அதை முதலில் விற்றவர் யார் என்பதில் பலர் உரிமை கோருகிறார்கள். பெரும்பாலும் காதிர் நூர்மன் என்பவருக்கு, 1972 என்ற ஆண்டோடு, அந்தப் பெருமை தரப்படுகிறது.

ஆனால் கடைகளைவிட ஆழமான மாற்றம் கட்டடங்களுக்கு உள்ளே நடந்தது. 1970களின் இறுதியில் இடிப்புக்கு எதிராக மாணவர்களும் இளைஞர்களும் காலி வீடுகளைக் கைப்பற்றிக் குடியேறத் தொடங்கினார்கள். 1981-இல் மேற்குப் பெர்லினில் இப்படிக் கைப்பற்றப்பட்ட வீடுகள் 150-ஐத் தாண்டின. அந்த நெருக்கடியில்தான் சர்வதேசக் கட்டடக் கண்காட்சி என்ற பெரிய அரசுத் திட்டத்தின் பழைய கட்டடப் பிரிவு, கட்டடக்கலைஞர் ஹார்ட்-வால்தர் ஹேமரின் தலைமையில், இடிப்பதற்குப் பதில் பார்த்துப் பக்குவமாகப் புதுப்பிப்பது என்ற கொள்கையை முன்வைத்தது. அதற்கு 12 நெறிகள் வகுக்கப்பட்டன. இப்போது குடியிருப்பவர்களோடு சேர்ந்தே திட்டமிட வேண்டும், இருக்கும் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது.

குடியிருப்பவர்கள் என்றால் பாதித் தெருவில் துருக்கியக் குடும்பங்கள். எந்தச் சுவரை எடுக்க வேண்டும், சமையலறை எவ்வளவு பெரிதாக வேண்டும், முற்றத்தில் மரமா விளையாட்டிடமா என்று அவர்களிடம் கேட்க வேண்டியதாயிற்று. கூட்ட அறிவிப்புகள் துருக்கிய மொழியிலும் ஒட்டப்பட்டன. ஹைடே மோல்டன்ஹவர் போன்ற கட்டடக்கலைஞர்கள் வீடு வீடாகச் சென்று பேசினார்கள். ஒண்டுக்குடித்தனமாக இருந்த இடங்களுக்குத் தனிக் கழிப்பறையும் குளியலறையும் வந்தன. இருண்ட பின்முற்றங்கள் சில இணைக்கப்பட்டுத் தோட்டங்களாயின. குடியேறிகள் மாற்றிய க்ரொய்ட்ஸ்பெர்க் என்று பேசும்போது பெரும்பாலோர் கபாப் கடையை நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு ஐரோப்பியத் தலைநகரின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் இடிபடாமல் தப்பியதில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதே பெரிய செய்தி. அவர்கள் வாடகை கொடுத்து அங்கேயே இருந்தார்கள். அதனால் அந்த வீடுகள் முற்றிலும் வெற்றிடமாகிவிடவில்லை.

ஒஸ்மான் காலினின் தோட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. மரியானன் சதுக்கத்துக்கு அருகே, புனித தோமா தேவாலயத்தின் பக்கத்தில், ஒரு முக்கோண நிலம் கிழக்கு ஜெர்மனிக்குச் சொந்தமாக இருந்தும் சுவரின் மேற்குப் பக்கம் விடுபட்டுக் கிடந்தது. சுவரை நேராகக் கட்டினால் கல் மிச்சம் என்று கிழக்கு அதிகாரிகள் நினைத்ததன் விளைவு அது. குப்பை மேடாகக் கிடந்த அந்த இடத்தை, பணி ஓய்வு பெற்ற காலின் 1980களின் தொடக்கத்தில் சுத்தம் செய்து வெங்காயமும் பூண்டும் முட்டைக்கோசும் பயிரிட்டார். மேற்குப் பெர்லின் காவல்துறைக்கு அங்கே அதிகாரம் இல்லை; கிழக்கு எல்லைக் காவலர்கள் வந்து விசாரித்துவிட்டு அவரை இருக்க விட்டார்கள். பிறகு கிடைத்த மரத்தையும் பழம்பொருள்களையும் கொண்டு இரண்டடுக்குக் குடிலொன்றைக் கட்டினார். சுவர் விழுந்த பின் நகராட்சி அவரை அகற்றப் பார்த்தபோது அக்கம்பக்கத்தினர் துணை நின்றார்கள். அவர் 2018-இல் இறந்துவிட்டார்.

மசூதிகள் எப்போது வந்தன?

தொழுகை தொடக்கத்திலிருந்தே இருந்தது, மசூதி என்ற கட்டடம் இல்லை. விடுதி அறைகளில் தொழுதவர்கள், குடும்பங்கள் வந்த பின் பின்முற்றத்துப் பட்டறைகளையும் மூடிய சிறு தொழிற்சாலைகளையும் வாடகைக்கு எடுத்தார்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்குக் கதவில் ஒட்டிய ஒரு சிறு பலகை தவிர வேறொன்றும் தெரியாது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் இதுவே நிலை.

கண்ணுக்குத் தெரியும் கட்டடங்கள் 2000க்குப் பிறகு வந்தன. கோர்லிட்சர் ரயில் நிலையம் என்ற மெட்ரோ நிறுத்தத்துக்கு எதிரே முன்பு ஒரு பேரங்காடி இருந்தது. 1987 மே 1 அன்று நடந்த கலவரத்தில் அது எரிந்து போனது. அந்த மனை பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்து, பின்னர் லெபனானியப் பின்னணி கொண்ட ஓர் இஸ்லாமியச் சங்கம் அங்கே உமர் இப்னு அல்-கத்தாப் மசூதியைக் கட்டி 2010-இல் திறந்தது. சுற்றியுள்ள கட்டடங்களின் உயரத்திலேயே நின்று, தரைத்தளத்தில் கடைகளை வைத்துக்கொண்டு, மூலையைத் திருப்பி அமைந்த அக்கட்டடம் பெர்லினின் பழைய தெரு ஒழுங்கை அப்படியே பின்பற்றுகிறது; சிறிய மினாராக்கள் மட்டுமே வேறுபாடு.

குவிமாடமும் உயர்ந்த மினாராக்களும் கொண்ட ஒட்டோமானியப் பாணி மசூதியைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே நொய்கோல்னில் உள்ள ஷெஹித்லிக் மசூதிக்குப் போக வேண்டும். அது எழுந்த நிலம் 1960களில் வந்த தொழிலாளர்களால் கிடைத்ததன்று. 1798-இல் பெர்லினில் இறந்த ஒட்டோமானியத் தூதர் அலி அஜீஸ் எஃபெந்தியின் அடக்கத்தோடு தொடங்கிய கல்லறைப் பூமி 1860களில் இந்த இடத்துக்கு மாற்றப்பட்டது. ஜெர்மனியின் மிகப் பழைய முஸ்லிம் கல்லறை அதுவே.

இவர்கள் எல்லோரும் ஒரே சமூகமா?

இல்லை. துருக்கியிலிருந்து வந்தவர்களிலேயே சுன்னிகளும் அலெவிகள் என்ற தனிப் பிரிவினரும் குர்துகளும் மதப்பற்றே இல்லாத இடதுசாரிகளும் உண்டு. 1980-இல் துருக்கியில் நடந்த இராணுவப் புரட்சிக்குப் பின் அரசியல் அகதிகள் வந்தார்கள். அலெவிகள் மசூதிக்குச் செல்வதில்லை. க்ரொய்ட்ஸ்பெர்க்கின் வால்டமார் தெருவில் அவர்களுக்குத் தனி வழிபாட்டு இல்லம் இருக்கிறது. 1990கள் வரை இவர்கள் அத்தனை பேரும் அரசுக்கும் பத்திரிகைகளுக்கும் துருக்கியர் அல்லது அயல்நாட்டினர்தான். 2001க்குப் பிறகு அதே மக்கள், அதே தெருவில் இருந்துகொண்டே, முஸ்லிம்கள் என்று எழுதப்படலானார்கள்.

அரபு மொழி பேசுபவர்களின் கதை வேறு. லெபனான் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய லெபனானியரும் பாலஸ்தீனரும் கிழக்குப் பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரெடரிக் தெரு நிலையம் வழியாக மேற்கே வந்தார்கள். பெர்லினுக்குள் எல்லையே இல்லை என்பது மேற்கு நாடுகளின் சட்ட நிலைப்பாடு என்பதால், மேற்குப் பக்கத்தில் முறையான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. 1980களின் முதற்பாதியில் இலங்கைத் தமிழர்கள் பலரும் இதே வழியில்தான் வந்தார்கள். 1985-இல் மேற்கு ஜெர்மனியின் வற்புறுத்தலால் கிழக்கு ஜெர்மனி அந்த வழியைத் தமிழர்களுக்கு அடைத்தது. பின்முற்ற மசூதிகளைப் போலவே அவர்களின் மயூரபதி முருகன் வழிபாடும் க்ரொய்ட்ஸ்பெர்க்கில் ஒரு நிலவறையில் தொடங்கியது. நொய்கோல்ன் வட்டத்தின் பிரிட்ஸ் பகுதியில் கோயிலாக எழுந்து 2013-இல் குடமுழுக்குக் கண்டது.

லெபனானிலிருந்து வந்தவர்களில் பலருக்குத் தற்காலிக அனுமதி மட்டுமே தரப்பட்டது. பல ஆண்டுகள் வேலை செய்யவும் தடை இருந்தது. நொய்கோல்னின் ஸொனன் சாலையில் அரபுக் கடைகள் பெருகியதும், அதே சுற்றுவட்டாரத்தில் வறுமையும் சில குடும்பங்களைச் சுற்றிய குற்றச்செயல்களும் வளர்ந்ததும் அந்தப் பின்னணியில்தான். 2015க்குப் பின் வந்த சிரியர்கள் அங்கே இனிப்புக் கடைகளையும் உணவகங்களையும் திறந்து அச்சாலையின் முகத்தை மறுபடியும் மாற்றினார்கள்.

பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது?

முதல் தலைமுறைப் பெண்களில் பலர் ஆலையில் சொந்தச் சம்பளம் வாங்கியவர்கள். பின்னர் ஆலைகள் மூடப்பட, குடும்பக் கட்டுப்பாடுகள் இறுகிய வீடுகளும் இருந்தன. இதை மென்மையாக்கிச் சொல்வதில் பயனில்லை. 1984-இல் க்ரொய்ட்ஸ்பெர்க்கில் துருக்கியப் பெண்களுக்கான ஓர் ஆலோசனை மையத்துக்குள் புகுந்த ஒருவர் சுட்டதில் உதவி நாடி வந்த பெண் இறந்தார். அங்கே பணியாற்றிய சட்ட மாணவி செய்ரான் அதேஷ் படுகாயமடைந்தார். பின்னாளில் வழக்கறிஞரான அவர், ஆணும் பெண்ணும் சேர்ந்து தொழும் தாராளவாத மசூதி ஒன்றை 2017-இல் மோவாபிட் பகுதியில் நிறுவினார். க்ரொய்ட்ஸ்பெர்க்கில் வளர்ந்த குர்தியப் பெண் ஹாதுன் சுருஜு, கட்டாயத் திருமணத்தை விட்டு வெளியேறித் தனியாக வாழ்ந்ததற்காக 2005 பிப்ரவரியில் தன் தம்பியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலை ஜெர்மனி முழுவதும் விவாதத்தைக் கிளப்பியது. அவ்விவாதத்தில் கடுமையாகப் பேசியவர்களில் இதே சமூகத்துப் பெண்களும் இருந்தார்கள் என்பது வெளியே அதிகம் சொல்லப்படுவதில்லை.

பெரும்பான்மையோடு கலக்காமல் தனியே இயங்கும் "இணைச் சமூகம்" உருவாகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

பள்ளியை வைத்துத்தான் இதற்கு விடை சொல்ல வேண்டும். 1970, 80களில் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே பெர்லின் பள்ளிகளில் தனி வகுப்புகள் நடந்தன. பிறகு சட்டப்படி அவை மறைந்தாலும், வசதியுள்ள பெற்றோர், ஜெர்மானியரும் நன்கு படித்த துருக்கியரும் சேர்த்து, பிள்ளைகளை வேறு வட்டத்துப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 2006-இல் வடக்கு நொய்கோல்னின் ர்யூட்லி பள்ளி ஆசிரியர்கள், வகுப்பறையைத் தங்களால் நடத்த முடியவில்லை, இப்பள்ளி வகையையே கலைத்துவிடுங்கள் என்று அரசுக்கு எழுதிய கடிதம் வெளியானது. அங்கே 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மாணவர்கள் குடியேறிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அரசு பக்கத்துப் பள்ளிகளை இணைத்து, ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் கூட்டி, அதை ஒருங்கிணைந்த வளாகமாக்கியது. 2014-இல் அங்கிருந்து முதல் அணி பல்கலைக்கழகத் தகுதித் தேர்வை எழுதி முடித்தது. பிரிவினை உண்மைதான். ஆனால் அது குடியேறிகள் மட்டும் கட்டிய சுவரன்று. விலகிப் போனவர்களும் கல் எடுத்துக் கொடுத்தார்கள்.

இறந்தவர்களை எங்கே அடக்கம் செய்கிறார்கள்?

நீண்டகாலம் பெரும்பாலோரின் உடல் விமானத்தில் துருக்கிக்குச் சென்றது. அதற்கென்று மசூதிச் சங்கங்கள் நடத்தும் நிதிக்குக் குடும்பங்கள் ஆண்டுதோறும் பணம் கட்டின. ஷெஹித்லிக் கல்லறையில் இடம் தீர்ந்த பின் நகரத்தின் மேற்கோரத்தில் காட்டோ என்ற இடத்தில் முஸ்லிம்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டது. பெட்டி இல்லாமல், துணியில் சுற்றி அடக்கம் செய்ய 2010-இல் பெர்லின் சட்டம் அனுமதித்தது. பேரக்குழந்தைகள் எங்கே இருக்கிறார்களோ அங்கே கல்லறை இருந்தால்தான் வெள்ளிக்கிழமை போய்வர முடியும் என்று முதியவர்கள் கணக்குப் போடத் தொடங்கியிருக்கிறார்கள்.

அரசியலில் அவர்களுக்குக் குரல் உண்டா?

ஜெர்மன் குடியுரிமையோ ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றின் குடியுரிமையோ இல்லாதவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்கு இல்லை. மாநிலங்கள் சில அதைக் கொடுக்க முயன்றபோது அரசியலமைப்பு நீதிமன்றம் 1990-இல் ரத்து செய்தது. நேற்று வந்த இத்தாலியருக்கு ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி வட்டத் தேர்தலில் வாக்கு உண்டு, 40 ஆண்டுகளாக அதே தெருவில் வரி கட்டும் துருக்கியருக்கு இல்லை. 2000-இல் குடியுரிமைச் சட்டம் தளர்ந்தது; இரட்டைக் குடியுரிமை எல்லோருக்கும் பொதுவாக அனுமதிக்கப்பட்டது 2024 ஜூனில்தான்.

இன்றும் க்ரொய்ட்ஸ்பெர்க் துருக்கியப் பகுதிதானா?

குறைந்துகொண்டே வருகிறது. சுவர் விழுந்ததும், முட்டுச்சந்தாக இருந்த இடம் ஒன்றுபட்ட நகரத்தின் நடுப்பகுதியாகிவிட்டது. அரசு மானிய வீடுகளின் வாடகையும் உயர்ந்தபோது, கோட்புசர் டோர் சதுக்கத்துக் குடியிருப்பாளர்கள் 2012 மே மாதம் பலகைகளால் ஒரு குடிலை எழுப்பி, கோட்டி அண்ட் கோ என்ற பெயரில் போராடத் தொடங்கினார்கள். முக்காடு அணிந்த பாட்டிகளும் பழைய வீட்டுக் கைப்பற்றுக்காரர்களும் அங்கே முறைவைத்துக் காவல் இருந்தார்கள். 2015-இல் வ்ராங்கல் தெருவில் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் நடந்துவந்த பிஸிம் பக்கால் என்ற காய்கறிக் கடைக்குக் காலி செய்யுமாறு அறிவிப்பு வந்தபோது, வாரந்தோறும் நூற்றுக்கணக்கானோர் தெருவில் கூடினார்கள். அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் கடைக்காரரின் உடல்நிலை காரணமாக அடுத்த ஆண்டு கடை மூடப்பட்டது.

சதுக்கத்தை வளைத்து நிற்கும், 1974-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரிய குடியிருப்புக் கட்டடத்தை நகராட்சி வீட்டு நிறுவனம் ஒன்று 2017-இல் வாங்கியதால், அங்குள்ளவர்கள் தனியார் முதலீட்டாளர் கைக்குப் போகாமல் தப்பினார்கள். 2023-இல் அதே கட்டடத்தில் ஒரு காவல் நிலையம் திறக்கப்பட்டது. போதைப்பொருள் விற்பனையால் சலித்துப்போன கடைக்காரர்கள் பலர் அதை வரவேற்றார்கள். தங்கள் பிள்ளைகளைத்தான் நிறுத்தி நிறுத்திச் சோதிப்பார்கள் என்று அஞ்சிய குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள். இரு பக்கத்திலும் துருக்கியப் பெயர்கள் இருந்தன.